எட்டுக் கிலோமீட்டரா, இரண்டு கிலோமீட்டரா: ஒரு ஃபேன்டசி கேமுக்கு எவ்வளவு நிலம் வேண்டும்?

ஃபேன்டசி வகை ஓபன் வேர்ல்டு கேம், அதாவது ஆட்டக்காரர் நினைத்த பக்கமெல்லாம் நடந்து திரியக்கூடிய கற்பனை உலக கேம் ஒன்றைச் செய்ய இறங்கும் எந்தக் குழுவும் முதல் சில மாதங்களிலேயே முடிவு செய்தாக வேண்டிய கேள்வி, அந்த உலகம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பது. கதையைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், சண்டை முறையைப் பத்துத் தடவை திருத்தலாம். ஆனால் நிலத்தின் அளவை நடுவழியில் மாற்றினால் சாலைகள், ஆறுகள், ஊர்களுக்கு இடையிலான தூரம், ஒரு குவெஸ்டை (ஆட்டக்காரருக்குத் தரப்படும் பணியை) முடிக்க ஆகும் நேரம், எதிரிகளின் வலிமை கூடிக்கொண்டே போகும் வரிசை என எல்லாவற்றையும் கலைத்துப் போட்டுத் திரும்ப அடுக்க வேண்டியிருக்கும். நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து அப்படியொரு கேமைத் தொடங்கியிருக்கிறோம். மூன்று ஆண்டுகளுக்குத் தாங்கும் பணம் கையில் இருக்கிறது. எட்டுக் கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரம், நான்கு கிலோமீட்டர் சதுரம், இரண்டு கிலோமீட்டர் சதுரம், கணினியே உருவாக்கித் தரும் எல்லையற்ற நிலம், தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்ட உலகம் என ஐந்து வழிகள் எங்கள் முன் இருந்தன. ஏற்கெனவே வெளிவந்த கேம்களோடு அவற்றைப் பொருத்திப் பார்த்ததையும், எங்கள் கையால் கட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதுகிறேன். மேப் என்று நான் சொல்வது ஆட்டக்காரர் நடந்து திரியக்கூடிய நிலத்தை; கையில் விரித்துப் பார்க்கும் படத்தை வரைபடம் என்றே குறிப்பிடுகிறேன்.

சதுர கிலோமீட்டர் என்ற அலகைக் கண்டு மயங்கக் கூடாது என்பதிலிருந்து தொடங்கலாம். பக்கத்தை இரண்டு மடங்காக்கினால் பரப்பு நான்கு மடங்காகிறது. வேலையும் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. ஆட்டக்காரர் உணரும் தூரமோ இரண்டு மடங்குதான் கூடுகிறது. கேமில் ஒரு பாத்திரம் ஓடும் வேகத்தை நொடிக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு கிலோமீட்டர் மேப்பின் ஒரு விளிம்பிலிருந்து எதிர் விளிம்புக்கு நேர்கோட்டில் ஓட 6 நிமிடம் 40 நொடி ஆகும். நான்கு கிலோமீட்டருக்கு 13 நிமிடம் 20 நொடி, எட்டுக் கிலோமீட்டருக்கு 26 நிமிடம் 40 நொடி. கேட்பதற்கு முதல் எண் மிகச் சிறியதாகத் தோன்றும். ஆனால் யாரும் நேர்கோட்டில் ஓடுவதில்லை. மலையைச் சுற்ற வேண்டும், ஆற்றைக் கடக்கப் பாலம் தேட வேண்டும், வழியில் ஓநாய்க் கூட்டம் வரும், பாதையோரம் பாழடைந்த சத்திரம் ஒன்று கண்ணில் படும். ஆறரை நிமிடத் தூரம் முதல் முறை போகும்போது அரை மணி நேரமாகிவிடுவது சாதாரணம். ஆக, அளவைப் பற்றிப் பேசும்போது நிலத்தின் நீளத்தைவிட அதைக் கடக்க ஆகும் நேரத்தையும், அந்த நேரத்தில் ஆட்டக்காரருக்கு என்ன நேர்கிறது என்பதையும் வைத்துப் பேசுவதே பயனுள்ளது.

எல்லையற்ற நிலம் என்ற வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதுதான் ஆசையை அதிகம் கிளப்புவது. அதற்கு மிக அருகில் வரும் துணிச்சலான உதாரணம் பெதஸ்டா நிறுவனம் 1996-இல் வெளியிட்ட டாகர்ஃபால் என்ற கேம். லட்சம் சதுர கிலோமீட்டரைத் தாண்டும் நிலம். ஊர்களும் நகரங்களும் டன்ஜன்கள் எனப்படும் பாதாள அறைகளுமாகச் சேர்ந்து 15,000-க்கும் மேற்பட்ட இடங்கள். அன்றைய கணினியில் இதைச் செய்து காட்டியது பெரிய சாதனை, இன்றும் அதை நேசிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த நிலத்தில் யாரும் நடப்பதில்லை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு நடந்தால் சமவெளியும் மரங்களும் மணிக்கணக்கில் வந்துகொண்டேயிருக்கும் என்பதால், வரைபடத்தில் ஊரைத் தொட்டு, சத்திரத்தில் தங்குவதா வெட்டவெளியில் முகாம் போடுவதா என்று தேர்ந்தெடுத்துவிட்டு நேரே அங்கே போய் இறங்குவதுதான் அந்த கேமின் நடைமுறை. பத்தாவது ஊர் ஐந்தாவது ஊரைப் போலவே இருக்கும். ஒரே கட்டட அச்சுகள் வேறு வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். வணிகம், கடன், பதவி, பல அரசர்களின் அரசியல் என்று ஒரு நாட்டின் வாழ்க்கையைக் கணக்காக நடத்திப் பார்க்க விரும்புகிறவருக்கு அந்தப் பரப்பு பொருந்துகிறது. ஒரு மலையின் பெயரை ஆட்டக்காரர் மனத்தில் பதிய வைக்க விரும்புகிறவருக்கு அது பயன்படாது.

இதில் நான் பெரிதாக எடுத்துக்கொள்வது, அதே நிறுவனம் அந்தத் தொடரின் அடுத்த பெரிய கேமில் என்ன செய்தது என்பதைத்தான். 2002-இல் வந்த மாரோவிண்ட், வ்வார்டன்ஃபெல் என்ற ஒரே ஒரு தீவை மையமாகக் கொண்டது. இடங்களைக் கணினியிடம் விடாமல் ஒவ்வொன்றாகக் கையால் வைத்தார்கள். நாடளவு நிலத்தைச் செய்யத் தெரிந்தவர்கள், செய்து முடித்து அதன் பலனைப் பார்த்தவர்கள், அடுத்த முறை பல ஆயிரம் மடங்கு சிறிய நிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இது வெறும் பின்வாங்கல் அல்ல. அந்தத் தீவை விளையாடியவர்களுக்கு அது சிறிய இடமாகத் தோன்றவேயில்லை. அதற்குப் பல காரணங்கள் உண்டு. தொடக்கத்தில் பாத்திரம் ஆமை வேகத்தில்தான் நடக்கும். சேருமிடத்தைக் காட்டும் மார்க்கர் கிடையாது. ஊரில் யாராவது ஒருவர், பாலத்தைத் தாண்டி இடது பக்கம் திரும்பு, இரண்டாவது பாறைக்குப் பின்னால் குகை வாய் தெரியும் என்கிற பாணியில் வாயால் வழி சொல்வார், அது குறிப்பேட்டில் பதிவாகும். நினைத்த இடத்திலிருந்து நினைத்த இடத்துக்குத் தாவ முடியாது. சில்ட் ஸ்ட்ரைடர் என்ற ராட்சதப் பூச்சியின் மேல் ஏறியோ, படகிலோ, மந்திரவாதிகள் சங்கத்தின் வழியாகவோ, அவரவர் போகும் ஊர்களுக்கு மட்டும்தான் போகலாம். இவை எல்லாவற்றுக்கும் மேல் மூடுபனி இருந்தது. அன்றைய கணினிகளால் தொலைதூரக் காட்சியை வரைய முடியாததால் வைத்த பனி அது. பிற்காலத்தில் ரசிகர்கள் அந்தப் பனியை நீக்கி, தீவு முழுவதையும் கண்ணுக்குத் தெரியும்படி செய்தபோது, அத்தனை பெரிய தீவு ஒரே பார்வையில் அடங்கிவிட்டது. நடந்த தூரம் மாறவில்லை. பார்வையின் எல்லை மட்டும் மாறியது.

அதே நிறுவனத்தின் ஸ்கைரிம் இந்தக் கதையின் இன்னொரு படி. 2011-இல் வந்த அதன் மேப் சுமார் 37 சதுர கிலோமீட்டர் என்று சொல்லப்படுகிறது; அதாவது ஆறு கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம். அதற்குள் ஒன்பது ஆட்சிப் பகுதிகள், பனிமலைகள், சதுப்பு நிலம், இலையுதிர்காலக் காடு என்று ஒரு முழு நாட்டையும் அடக்கியிருக்கிறார்கள். இதற்கு அவர்கள் கையாண்ட உத்தி சுருக்கம். மிக உயரமான மலையில் இருக்கும் மடத்துக்கு 7,000 படிகள் ஏற வேண்டும் என்று பாத்திரங்கள் சொல்கின்றன. உண்மையில் எண்ணினால் அதில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். பெரிய வணிக நகரம் என்று சொல்லப்படும் வைட்ரனுக்குள் உள்ளே போய்ப் பார்த்தால் சில டஜன் மனிதர்கள்தான் வாழ்கிறார்கள். ஆட்டக்காரர் இதைக் கண்டுபிடித்தாலும் பொருட்படுத்துவதில்லை, ஏனென்றால் அந்தச் சில டஜன் பேரும் காலையில் எழுந்து கடை திறந்து, மாலையில் சத்திரத்துக்குப் போய், இரவில் தங்கள் படுக்கையில் தூங்குகிறார்கள். இந்தச் சுருக்கத்தை நாங்களும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அளவுக்கான ஆள்பலம் எங்களிடம் இல்லை என்பதை மறக்கக் கூடாது. பெரிய ஸ்டுடியோ ஒன்று ஆண்டுக்கணக்கில் உழைத்து நிரப்பிய நிலம் அது.

எட்டுக் கிலோமீட்டர் சதுரம் எங்கள் முதல் விருப்பமாக இருந்தது. கதைக்கு மூன்று அரசுகள் தேவைப்பட்டன; மூன்று அரசுகளுக்கு அவ்வளவு நிலமாவது வேண்டாமா என்று நினைத்தோம். நிலத்தை உருவாக்கும் மென்பொருளில் ஒரே மாலைப்பொழுதில் 64 சதுர கிலோமீட்டர் தயாராகிவிட்டது. மழைநீர் அரித்த பள்ளத்தாக்குகள், சரிவில் தானாக முளைத்த பைன் மரங்கள், மாலை வெயில் படும் பனிச்சிகரம். மேலிருந்து பார்த்தபோது எங்களுக்கே நெஞ்சு நிறைந்தது. மறுநாள் தென்மேற்கு மூலையில் பாத்திரத்தை இறக்கி, முன்னே போகும் விசையை அழுத்திப் பிடித்தேன். முதல் நான்கு நிமிடம் சுற்றிலும் பார்த்துக்கொண்டே போனேன். பத்தாவது நிமிடத்தில் விரல் வலித்ததால் விசை மேல் ஒரு நாணயப் பையைத் தூக்கி வைத்தேன். பதினேழாவது நிமிடத்தில் எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தேன். பாத்திரம் ஒரு பாறையில் முட்டிக்கொண்டு ஓடிக்கொண்டேயிருந்தது, நான் எந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. என் கையால் உருவாக்கிய நிலத்தில் எனக்கே திசை தெரியவில்லை என்பதுதான் அன்று என்னை உறுத்தியது. அடுத்த மூன்று வார இறுதிகளில் நாங்கள் அந்த நிலத்தில் உருப்படியாக வைத்த இடங்கள் ஒன்பது.

அதன் பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எட்டுப் பேரில் உலகத்தைக் கட்டும் வேலைக்கு நான்கு பேர். மூன்று ஆண்டுகளில் அதற்குக் கிடைப்பது இரண்டு ஆண்டுகள். விடுப்பு, உடல்நலக் குறைவு, வேறு வேலைகள் போக ஆண்டுக்கு 45 வாரம் என்று வைத்தால், மொத்தம் 360 ஆள்-வாரம். ஒரு நல்ல இடம் என்பதற்கு எங்கள் வரையறை இது: தூரத்திலிருந்து அடையாளம் தெரிய வேண்டும், போவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அங்கே செய்வதற்கு வேறெங்கும் இல்லாத ஒன்றாவது இருக்க வேண்டும். அப்படியொரு இடத்துக்கு ஒருவருக்கு மூன்று வாரம் பிடிக்கிறது. அந்தக் கணக்கில் 120 இடங்கள். செய்தபின் சரியில்லை என்று தூக்கியெறிந்து திரும்பச் செய்வதற்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் மிஞ்சுவது 80. இந்த 80 இடங்களை எட்டுக் கிலோமீட்டர் சதுரத்தில் சீராகப் பரப்பினால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 900 மீட்டர், அதாவது மூன்று நிமிட ஓட்டம். நான்கு கிலோமீட்டர் சதுரத்தில் சுமார் 450 மீட்டர், ஒன்றரை நிமிடம். இரண்டு கிலோமீட்டர் சதுரத்தில் சுமார் 225 மீட்டர், முக்கால் நிமிடம். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை என்பது தவறான எண் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்று நிமிடங்களையும் தாங்கிப்பிடிக்க வானிலை, விலங்குகள், வழிப்போக்கர்கள், இசை என்று இன்னொரு முழு அடுக்கு உழைப்பு தேவை. அதற்கு எங்களிடம் ஆள் இல்லை.

ஆள் இருப்பவர்களுக்கும் அது எளிதாக இருந்ததில்லை. 2015-இல் வந்த தி விட்சர் 3, நான் மிகவும் மதிக்கும் கேம். வெலென் பகுதியின் சேறும் தூக்குமரங்களும் பசியும் ஒரு நிலத்தை எப்படி எழுத வேண்டும் என்பதற்குப் பாடம். அதே கேமில் ஸ்கெலிகே தீவுகளைச் சுற்றிய கடலில் வரைபடம் முழுக்கக் கேள்விக்குறிகள் மிதக்கின்றன. படகில் அங்கே போனால் கடத்தல்காரர்கள் மறைத்துவைத்த மரப்பெட்டிகள். பறந்துவரும் எதிரிகளை விரட்டிவிட்டுக் குதித்து, பெட்டியைத் திறந்து, திரும்பப் படகில் ஏறி, அடுத்த கேள்விக்குறிக்குப் போக வேண்டும். நான் ஒரு விடுமுறை நாள் முழுவதையும் அதில் செலவழித்திருக்கிறேன். அந்த நாளில் நடந்தது எதுவும் இன்று என் நினைவில் இல்லை. கடல் பெரியதாக இருந்ததால் அதில் எதையாவது போட வேண்டியிருந்தது, போட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. 2014-இன் டிராகன் ஏஜ்: இன்குவிசிஷனில் ஹின்டர்லேண்ட்ஸ் என்ற முதல் பெரிய பகுதியிலேயே ஆட்டக்காரர்கள் சின்னச் சின்ன வேலைகளில் மாட்டிக்கொண்டு கதையைத் தொடாமல் சலித்துப்போக, அந்தப் பகுதியை விட்டுக் கிளம்புங்கள் என்று கேமைச் செய்தவர்களே சொல்ல வேண்டி வந்தது. அந்த கேம்தான் தனித்தனிப் பகுதிகள் என்ற வழிக்கும் உதாரணம். அந்த வழியில் நன்மை உண்டு: ஒரு பகுதி பாலைவனம், இன்னொன்று சதுப்பு என்று இயற்கை விதிகளுக்குக் கட்டுப்படாமல் வைக்கலாம், நினைவகச் சுமையும் குறையும். ஆனால் தூரத்தில் தெரியும் மலை உண்மையில் இல்லாத மலையாகிவிடுகிறது, அங்கே நடந்து போய்ச் சேர முடியாது. ஓபன் வேர்ல்டு என்ற வகையின் மேல் எனக்குள்ள ஆசையே அந்த மலைதான் என்பதால் இந்த வழியை நான் விரைவாகவே விட்டுவிட்டேன்.

சிறிய மேப்புக்கான மிக வலுவான வாதம் 2001-இல் ஜெர்மனியின் பிரான்யா பைட்ஸ் குழு செய்த காதிக். மந்திரத் தடுப்பு ஒன்று ஒரு சுரங்கப் பள்ளத்தாக்கை மூடியிருக்கிறது. உள்ளே கைதிகள், வெளியே போக வழியில்லை. எல்லைக்கு ஒரு காரணம் கதையிலேயே இருப்பதால், கண்ணுக்குத் தெரியாத சுவரில் முட்டிக்கொள்ளும் எரிச்சல் ஆட்டக்காரருக்கு வருவதே இல்லை. உள்ளே மூன்று முகாம்கள்: பழைய முகாம், புதிய முகாம், சதுப்பு முகாம். தொடக்கத்தில் வரைபடம்கூடக் கையில் இருக்காது, அதைப் பெற்றாக வேண்டும். பாதையை விட்டுப் பத்தடி விலகி மரங்களுக்குள் போனால், அந்த நிலையில் வெல்லவே முடியாத ஒரு விலங்கு இரண்டே அடியில் கொன்றுவிடும். அந்தக் காடு சிறியதுதான், ஓடிக் கடக்க அதிக நேரம் ஆகாது. ஆனால் பல மணி நேரம் அந்தக் காடு ஆட்டக்காரருக்கு மூடப்பட்ட நாடு. பாத்திரம் வலுப்பெற்று முதல் முறை அந்த விலங்கை வீழ்த்தும்போது, மேப் ஒரு சதுர மீட்டர்கூடக் கூடாமல் பெரிதாகிறது. அடுத்த அத்தியாயம் தொடங்கும்போது பழக்கப்பட்ட பாதைகளில் புதிய விலங்குகள் வந்து சேர்கின்றன. நேற்று கவலையின்றி நடந்த பாலத்தை இன்று எட்டிப் பார்த்துவிட்டுக் கடக்க வேண்டியிருக்கிறது. ஒரே நிலத்தை மூன்று நான்கு முறை வெவ்வேறு நிலமாக விற்றுவிட்டார்கள் என்று சொல்லலாம், அதை நான் பாராட்டாகவே சொல்கிறேன். அந்த கேமை விளையாடிப் பல வருடங்கள் ஆன பிறகும், பழைய முகாமின் வாயிலிலிருந்து பாலம் வரைக்குமான வழியை என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிகிறது.

அளவை எப்படி அளப்பது என்பதில் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது நின்டெண்டோ 2017-இல் வெளியிட்ட பிரெத் ஆஃப் தி வைல்ட். அதன் இயக்குநர் ஹிடெமாரோ ஃபுஜிபயாஷி கியோட்டோக்காரர். மேப்பின் அளவை முடிவு செய்ய, தமக்கு நடந்து பழக்கமான கியோட்டோ நகரத்தின் வரைபடத்தை கேமின் நிலத்தின் மேல் வைத்துப் பார்த்து, இங்கிருந்து அந்த இடத்துக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்ற உடல் அனுபவத்தைக் கொண்டு தூரங்களை எடைபோட்டதாக அவர் விளக்கியிருக்கிறார். எண்ணில் தொடங்காமல் காலில் தொடங்கிய அந்த முறையை நாங்கள் அப்படியே பின்பற்றினோம். எங்கள் அலுவலகத்தைச் சுற்றிய இரண்டு கிலோமீட்டர் தெருக்களை மேப்பின் மேல் போட்டுப் பார்த்தபோதுதான், தினமும் நடக்கும் அந்த வட்டத்துக்குள் எத்தனை திருப்பங்களும் கடைகளும் குறுக்குச் சந்துகளும் எங்கள் நினைவில் இருக்கின்றன என்பது புரிந்தது. அந்த கேமிலிருந்து எடுத்துக்கொண்ட இன்னொரு பாடம் முக்கோணம். குன்றுகளையும் பாறைகளையும் கட்டடங்களையும் முக்கோண வடிவமாக வைத்தால், பின்னால் இருப்பது மறைகிறது, ஏறிப் போவதா சுற்றிப் போவதா என்ற தேர்வு கிடைக்கிறது, உச்சியை அடைந்ததும் அதுவரை மறைந்திருந்த ஒன்று வெளிப்படுகிறது. 120 சிறு கோயில்களும், தேடி எடுக்க வேண்டிய 900 கொரோக் விதைகளும் கொண்ட அவ்வளவு பெரிய மேப்பில்கூட, முதல் சில மணி நேரம் ஆட்டக்காரரை நான்கு பக்கமும் செங்குத்தாக இறங்கும் ஒரு பீடபூமியின் மேல் அடைத்துவைக்கிறார்கள். அந்தப் பீடபூமி மட்டுமே ஒரு முழு கேமாக நிற்கக்கூடியது என்பது என் எண்ணம்.

அடுக்குகள் என்ற வழியை நாங்கள் தொடக்கத்தில் கணக்கிலேயே எடுக்கவில்லை. 2022-இல் வந்த எல்டன் ரிங்தான் அதைக் கண்ணில் காட்டியது. அதில் வரைபடம் தொடக்கத்தில் சிறியதாகத் தெரியும். வரைபடத் துண்டுகள் கிடைக்கக் கிடைக்க அதன் விளிம்பு விலகிக்கொண்டே போகும், உலகம் இவ்வளவுதான் என்று நாம் நினைத்தது ஒவ்வொரு முறையும் பொய்யாகும். மிஸ்ட்வுட் காட்டுக்குள் ஒரு சிறிய கல் மண்டபம் இருக்கிறது. உள்ளே போய் மிதித்தால் மேடை இறங்கத் தொடங்குகிறது. இறங்குகிறது, இறங்கிக்கொண்டேயிருக்கிறது, இனி நின்றுவிடும் என்று எதிர்பார்க்கும்போதும் நிற்காமல் இறங்குகிறது. கடைசியில் தலைக்கு மேல் விண்மீன்கள் ஒளிரும் ஒரு பாதாள நதிக்கரையில் கொண்டுபோய் விடுகிறது. மேலிருந்து பார்த்தால் அந்த இடம் ஏற்கெனவே நடந்து தீர்த்த காட்டின் அடியில்தான் இருக்கிறது. சதுர கிலோமீட்டர் கணக்கில் அதற்கு மதிப்பே இல்லை, ஆனால் அந்த கேமில் உலகம் பெரியது என்று நான் நம்பத் தொடங்கிய நொடி அதுதான். அதே கேமின் இறுதிப் பகுதியில் வரும் பனிமலைகளில் வெற்றுவெளி கூடி, முன்பு பார்த்த எதிரிகளே திரும்ப வருவதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவ்வளவு திறமையுள்ள குழுவுக்கும் கடைசிக் கிலோமீட்டர்கள் கைகொடுக்கவில்லை. 2023-இன் டியர்ஸ் ஆஃப் தி கிங்டம், பிரெத் ஆஃப் தி வைல்டின் நிலத்தையே எடுத்துக்கொண்டு, மேலே வானத் தீவுகளையும் கீழே இருண்ட பாதாளத்தையும் சேர்த்தது. பாதாளம் மேல்நிலத்தின் அளவுக்குப் பரந்தது. என்னைப் பொறுத்தவரை அதில் பாதி போதுமாயிருந்திருக்கும்.

தொழில்நுட்பம் இந்த முடிவில் நான் நினைத்த அளவுக்குப் பெரிய இடம் பிடிக்கவில்லை. கேம்களை இயக்கும் மென்பொருளான எஞ்சின்கள் பலவும் இடத்தைக் குறிக்க 32 பிட் தசம எண்ணைப் பயன்படுத்துகின்றன. மையத்திலிருந்து 100 கிலோமீட்டர் தள்ளிப் போனால் அந்த எண்ணால் சுமார் 8 மில்லிமீட்டருக்குக் குறைவான அசைவைச் சொல்ல முடியாது, பாத்திரத்தின் கையிலிருக்கும் வாள் நடுங்கத் தொடங்கும். எட்டுக் கிலோமீட்டருக்குள் அந்த நடுக்கம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் 64 சதுர கிலோமீட்டரின் உயர விவரம் சுமார் 130 மெகாபைட்தான். நிலத்துக்கு இயந்திரம் கேட்கும் விலை குறைவு. அதன் மேல் வைக்கும் பொருட்களுக்கு மனிதர்கள் கேட்கும் விலைதான் அதிகம்.

பெரிய மேப்பின் பக்கம் நின்று சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் குழுவிலேயே ஒருவர் இன்றுவரை அந்தப் பக்கம்தான் இருக்கிறார், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முக்கால் நிமிடத்துக்கு ஓர் இடம் என்பது கண்காட்சித் திடல் போல ஆகிவிடும். கொள்ளையர் முகாமுக்கும் அமைதியான கிராமத்துக்கும் இடையே ஒரு கூப்பிடு தூரம்தான் என்றால் கதையை யார் நம்புவார்கள் என்று கேட்கிறார். வெறுமைக்கும் ஒரு வேலை இருக்கிறது என்கிறார். தூரம் இல்லாமல் பயணம் இல்லை, பயணம் இல்லாமல் வீடு திரும்பும் நிம்மதி இல்லை. 2024-இல் வந்த டிராகன்ஸ் டாக்மா 2 இந்த வாதத்தின் மேல் நிற்கிறது: ஃபாஸ்ட் டிராவல் (நடக்காமல் நேரே ஓர் இடத்தில் போய் இறங்கும் வசதி) அரிதானது, அதற்கான கல் விலை உயர்ந்தது, மாட்டுவண்டியில் ஏறித் தூங்கினால் நடுவழியில் தாக்கப்படலாம். இருட்டுவதற்குள் ஊருக்குப் போய்ச் சேர வேண்டுமே என்ற கவலையை அந்த கேம் உண்மையாகவே தருகிறது. இந்த வாதத்துக்கு நான் பாதி இணங்கினேன். 80 இடங்களையும் சீராகப் பரப்பும் எண்ணத்தைக் கைவிட்டோம். வடகிழக்கில் முந்நூறு மீட்டர் அகலமுள்ள மேய்ச்சல் வெளி ஒன்றை, காற்றும் புல்லும் தவிர வேறெதுவும் இல்லாமல், அப்படியே விட்டுவைத்திருக்கிறோம். நெருக்கமான நிலத்தில் அந்த ஒரு நிமிட வெறுமை, பெரிய நிலத்தின் பத்து நிமிடத்தைவிட ஆழமாகப் படுகிறது.

நான்கு கிலோமீட்டர் சதுரம் நல்ல சமரசமாகத் தோன்றும். பத்துப் பதினைந்து பேர் கூடுதலாக இருந்திருந்தால் அதைத்தான் தேர்ந்தெடுத்திருப்போம். எங்கள் எட்டுப் பேருக்கு இரண்டு கிலோமீட்டர் என்று முடிவு செய்திருக்கிறோம். நடுவில் ஒரு மலை, அதன் மேலும் உள்ளும் அடியிலும் மூன்று அடுக்குகள், மூன்று அரசுகளுக்குப் பதில் மலையின் மூன்று சரிவுகளில் மூன்று ஊர்கள். இரண்டு பக்கம் கடல், ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, நான்காவது பக்கம் கொள்ளைநோய்க்குப் பயந்து அடைக்கப்பட்ட கணவாய். சேருமிடத்தைக் காட்டும் மார்க்கர் இருக்காது. அளவு சரியா என்று சோதிக்க ஒரு எளிய வழியையும் வைத்திருக்கிறோம்: புதிதாக ஒருவரை ஐந்து மணி நேரம் விளையாட விட்டு, திரையை அணைத்து, வெற்றுத் தாளையும் பென்சிலையும் கொடுத்து, நிலத்தை வரையச் சொல்கிறோம். எட்டுக் கிலோமீட்டர் மேப்பை விளையாடியவர்கள் தொடக்க ஊரையும் ஓர் ஆற்றையும் வரைந்துவிட்டு யோசித்தார்கள். இரண்டு கிலோமீட்டர் மேப்பை விளையாடிய முதல் நபர் பதினாறு இடங்களை ஏறத்தாழ சரியான திசைகளில் வரைந்தார். அதில் நாங்கள் பெயரே வைக்காத ஓர் உடைந்த படித்துறையும் இருந்தது.

குதிரையைப் பற்றிய விவாதம்தான் கடைசியில் தீர்ந்தது. ஃபேன்டசி கேம் என்றால் குதிரை வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். குதிரையின் வேகம் நொடிக்கு 12 மீட்டர் என்று வைத்தால், ஓடுவதைப் போல 2.4 மடங்கு, அதே பயண நேரத்தைத் திரும்பப் பெற நிலத்தின் பக்கத்தை 2.4 மடங்கும், பரப்பை ஏறத்தாழ ஆறு மடங்கும் கூட்ட வேண்டும். ஒரே ஒரு விலங்கைச் சேர்ப்பதற்காக நான்கு சதுர கிலோமீட்டர் 23 சதுர கிலோமீட்டராக வேண்டியிருந்தது. அதனால் எங்கள் கேமில் குதிரை இல்லை. ஒரு கழுதை இருக்கிறது. அது மூட்டைகளைச் சுமந்துகொண்டு, ஆட்டக்காரர் நடக்கும் அதே வேகத்தில், அவர் பின்னாலேயே வரும்.